சர்பத் கடை ஐஸில் ஓர் ஆய்வு

சங்ககிரியைத் தாண்டி ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறது. எங்கள் கோவைப் பேருந்து காலையிலிருந்து நகரவில்லை. சாலையோர சர்பத் கடையின் நிழலில் ஆய்வு மாணவி ஒருவர் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே, நோய் கண்ட பண்ணைக் கோழிகளின் ரத்தம். அவருடைய பல்கலைக்கழகத்துக்கு அரசு பரிசோதனைக் கருவி வாங்கித் தந்திருக்கிறது. இயக்க ஆள் நியமிக்கவில்லை. அதனால் ரத்தம் பேருந்தில் கோவைக்குப் போகிறது.

“மூணாவது தடவை ஐஸ் கேக்கறீங்க. உள்ளாற மீனுங்களா?” என்கிறார் கடைக்காரர்.

“கோழி ரத்தமுங்கண்ணா. டெஸ்ட்டுக்கு.”

“உங்க காலேஜுல மிசினு இல்லீங்களா?”

“இருக்குதுங்க. ரிப்பன் வெட்டுன மறுநாளே உறை போட்டு மூடுனதுதானுங்க.”

மாணவி பெட்டியைத் திறக்கிறார். ஐஸ் தண்ணீராகிவிட்டது. வெப்பமானியைப் பார்த்துவிட்டு மூடுகிறார்.

“ஐஸ் வேண்டாங்கண்ணா. கெட்டுப்போச்சுங்க.”

“அட உடுங்க சாமி, மறுக்கா எடுத்தாப் போச்சு.”

“எங்கீங்க எடுக்கறது? பண்ணைக்காரரு நேத்தே எல்லாத்தையும் குழி வெட்டிப் பொதச்சுட்டாருங்க. என்ன நோவுன்னே இனித் தெரியாதுங்க.”

எதிர்ப்பக்கம் திருச்செங்கோட்டுப் பேருந்து வருகிறது. வந்த வழியே திரும்பிப் போக அவர் பெட்டியோடு சாலையைக் கடக்கிறார். கடைக்காரர் அவருக்காக அள்ளி வைத்த ஐஸை என் சர்பத்தில் போடுகிறார்.