ஒட்டகச்சிவிங்கி எங்கள் பேச்சைத்தான் பேசியது

சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். வியாழக்கிழமையே என் மகள் சாப்பிட்டுக்கொண்டே சட்டம் போட்டாள். ஒன்பது வயது.

“மிஸ்கிட்ட நீ பேசாதம்மா. அப்பா பேசட்டும்.”

ஏன் என்று கேட்டேன். “நீ பேசினா எல்லாரும் சிரிப்பாங்க” என்றாள்.

வடசென்னையில், காலடிப்பேட்டையில் பிறந்தவள் நான். எண்ணூர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் லாரிக்காரர்களை இந்த வாயை வைத்துத்தான் வரிசையில் நிறுத்துகிறேன். அந்த வாயைத்தான் மகள் மூடச் சொல்கிறாள். அவள் தட்டில் ரசத்தை ஊற்றினேன்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது, கல்மண்டபத்தில் பழைய டிஸ்க் விற்கும் கடையில் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. கடலுக்கடியில் தபால் கொடுக்கும் ஒட்டகச்சிவிங்கியின் கார்ட்டூன். உடம்பு தண்ணீருக்குள், தலை மட்டும் வெளியே. யார் கையில் கடிதத்தைக் கொடுக்கிறோம் என்று அதற்குத் தெரியவே தெரியாது. கடிதமே வராத ஆக்டோபஸ் ஒன்று தினமும் எட்டுக் கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கும். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சின்ன வயதில் அதுதான் என் உயிர்.

எங்கள் தெரு கேபிள்காரர் தன் சொந்தச் சேனலில் மத்தியானத்தில் அதைப் போடுவார். அவருக்குக் கிடைத்த பிரதி ஏதோ புரியாத பாஷையில் இருந்ததால், சத்தத்தை அடக்கிவிட்டு அவரே மைக்கில் பேசினார். ஆக்டோபஸுக்கு அவர் மனைவி. நடுவில் குக்கர் விசில் கேட்கும். “இன்னா கண்ணு, லெட்டர் வந்துகீது, வாங்கிக்கினு போ” என்று ஒட்டகச்சிவிங்கி கூப்பிடும். “எனக்கு இன்னிக்கும் இல்லியா நைனா? இன்னா பேஜாரான பொயப்பு இது!” என்று ஆக்டோபஸ் அழும். தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் கேட்கிறது என்று நம்பினோம். கல்லூரியில் அடையாறுப் பெண்களிடம் இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து டிஸ்க்கைப் போட்டேன். இது முறைப்படி தமிழில் டப்பிங் செய்தது. “தங்களுக்கு ஒரு மடல் வந்துள்ளது” என்றது ஒட்டகச்சிவிங்கி, செய்தி வாசிப்பவர் மாதிரி. ஆக்டோபஸும் அதே ரகம். சரி, போகட்டும் என்று இருந்தேன். மூன்றாவது பாகத்தில் தபால் பையைத் திருட ஒரு வாள்மீன் வந்தது.

“இன்னாடா, பையில இன்னா கீது?”

அந்தக் கடல் மொத்தத்திலும் எங்கள் பேச்சைப் பேசியது அந்தத் திருட்டு மீன் மட்டும்தான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா, உன்ன மாதிரியே பேசுது!”

எனக்கு வந்த கோபம் அவள் மேல் இல்லை. யாரோ ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம்கூட யோசிக்காமல், என் அம்மா என்னைக் கொஞ்சிய பேச்சைத் திருடனுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடக்கினேன். முதல் பாகத்திலிருந்து எல்லோருக்கும் எங்கள் பேச்சில் நானே பேசினேன். திருட்டு மீன் வந்தபோது மட்டும், “ஐயா, தங்கள் பையைத் திருட அனுமதிப்பீர்களா?” என்றேன். மகள் தரையில் உருண்டாள். எல்லாம் முடிந்து எழுந்தவள், “நாளைக்கு மட்டும் பேசாதம்மா” என்றாள்.

பேசினேன். மறுநாள் பள்ளியில் என் கணவர் தொண்டையைச் செருமுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். “வணக்கம் டீச்சர். எம்பொண்ணு கணக்குல மார்க் கம்மியா வாங்கிக்கினு வருது. வூட்ல இன்னா பண்ணணும், சொல்லுங்க.”

பின்னால் ஒருவர் சிரித்தார். திரும்பினேன். “இன்னா சார் சிரிப்பு? புரிஞ்சிதுல்ல?”

அவர் வாயை மூடிக்கொண்டார். டீச்சர் கணக்கைப் பற்றிப் பேசினார். மகள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்க எனக்கு வலித்தது. ஆனால் என் குரலை நான் இறக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் என் பக்கம் வராமல் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள். தேரடி நிறுத்தத்தில் ஏறிய ஒரு ஆள் அவள் காலை மிதித்துவிட்டார்.

“அண்ணே, கால எட்து வையி, என் ஷூ மேல கீது!”

ஆட்டோ முழுக்கக் கேட்டது. அவளே திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அந்த ஆள் காலை நகர்த்திக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை.