கப்டன் அக்காவின் இடக்கை

கையுறைப் பெட்டி வந்திறங்கிய மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொழிற்சாலைச் சாப்பாட்டு மண்டபத்து நீள மேசையில் அதை வைத்து, நூல் வெட்டுகிற கத்தரிக்கோலால் திறந்தோம். பருப்புக் கறியின் வாசனையையும் மீறிக்கொண்டு புதுத் தோல் மணத்தது. ஆளுக்கொன்றை மாட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கையுறையை எடுப்பார், வலக்கையில் நுழைத்துப் பார்ப்பார், கழற்றி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். பெட்டி வெறுமையாகும்வரை அப்படிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எல்லாம் இடக்கைக்குத்தான் அனுப்பியிருக்கிறாங்கள், பிள்ளை. இடக்கையில இதை மாட்டினா நான் எந்தக் கையால எறியிறது?"

அவர் இடக்கைக்காரர். பேஸ்போலில் எறிகிற கை வெறுங்கையாக இருக்கவேண்டும். மற்றக் கையில்தான் உறை. எங்களுக்குப் பந்தெறிய இருந்தவரோ அவர்தான். அந்த வருடம் முழுவதும் எங்களுக்கு நடக்கப் போவதை அந்தப் பெட்டியே சொல்லிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அவரைச் சமாதானப்படுத்தினேன். கேட்டால் மாற்றித் தருவார்கள் என்றேன்.

கிளிநொச்சிக்குப் பக்கத்திலிருந்த அந்த ஆடைத் தொழிற்சாலையில் நான் சட்டைக்குக் கை பொருத்துகிற மெசினில் இருந்தேன். எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற அவர் எனக்கு முன்வரிசையில் கொலர் தைப்பவர். தாய் தகப்பன் மலையகத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து பிறர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். இவர் பிறந்து வளர்ந்தது முரசுமோட்டையில். பள்ளிக்கூட நாட்களில், மூங்கில் தடியால் பந்தடித்து ஓடுகிற எல்லே விளையாட்டில் பெயரெடுத்தவர். இடப்பெயர்வோடு பள்ளிக்கூடம் நின்றது, விளையாட்டும் நின்றது. முகாமிலிருந்து திரும்பி வந்து, கல்யாணம் முடித்து, மெசினில் குந்தியபோது இனிப் பந்தைத் தொடப் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தாராம்.

எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுக் கொம்பனிக்காரருக்குப் பேஸ்போல் என்றால் உயிர். எங்கள் நிர்வாகத்துக்குச் சொந்தமான தொழிற்சாலைகள் எல்லாவற்றிலும் பெண்கள் அணி அமைத்து ஒருவரோடொருவர் மோதவேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். எங்களுக்குத் தெரிந்த எல்லேயை ஏன் வைக்கக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை. மனேஜர் எங்களைக் கூப்பிட்டு, "விளையாடப் போற நாளும் வேலை நாள்தான். ஒருத்தரும் பயப்பிட வேண்டாம்" என்றார். சம்பளத்துக்கு விளையாடுகிற ஆட்கள் என்று எங்களை நாங்களே பகிடி பண்ணிக்கொண்டோம். அக்காவைக் கப்டன் ஆக்கினோம். எறிகிற பந்தைப் பிடிப்பதற்காக எதிரே குந்தியிருக்கும் வேலை எனக்கு வந்தது. ஆகவே அந்த ஆட்டங்கள் முழுவதும் அவருடைய முகத்தை நேருக்கு நேர் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

முதல் ஆட்டம் வவுனியாத் தொழிற்சாலையோடு. எல்லேயில் ஓடுகிறவரைப் பந்தால் அடித்தாலே ஆள் அவுட். பேஸ்போலில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடவேண்டும், அல்லது அவர் போய்ச் சேரும் இடத்துக்கு முந்தி அனுப்பவேண்டும். இது எங்களுக்குப் பாடமாகத் தெரியும், கைக்குத்தான் தெரியாது. வவுனியாக் கப்டன் பந்தை அடித்துவிட்டு ஓடினாள். எங்கள் அக்கா பாய்ந்து பந்தை எடுத்தார், குறி வைத்தார், அவளுடைய நடு முதுகில் பொத்தென்று போட்டார். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். நாங்களும் கூவினோம். நடுவர் விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தபோதுதான் நிலைமை விளங்கியது. அடிபட்டவள் முதுகைத் தடவிக்கொண்டு, "அக்கா, இது எல்லே இல்லை" என்றாள். அன்றைக்குத் தோற்றோம். திரும்பும்போது பஸ்ஸில், மாங்குளம் தாண்டியபிறகு அக்கா சொன்னார்: "எல்லேயை மறந்தாத்தான் இதில வெல்லலாம். ஆனா எனக்கெண்டு இருந்தது அது ஒண்டுதானே."

மறப்பதற்கும் பழகவேண்டும், பழக நேரம் கிடைக்கவில்லை. தெற்கிலிருந்து வந்த பயிற்சியாளர் சில தடவைகளோடு நின்றுவிட்டார். பயிற்சிக்கு விடுகிறோம் என்று சொன்ன மாலைகளில் அவசர ஓடர் வந்தது. உருத்திரபுரப் பக்கத்து மைதானத்துக்கு நாங்கள் போய்ச் சேரும்போது வெளிச்சம் போகத் தொடங்கியிருக்கும், மாடுகள் நடுவில் படுத்திருக்கும். அக்கா தொலைபேசியில் வீடியோ பார்த்து, பந்தைப் பிடிக்கும் விதத்தைத் தானே மாற்றி மாற்றி எறிந்து பழகினார். கையுறைக்காகப் போய்க் கேட்கும்போதெல்லாம் மனேஜர் ஒரே மறுமொழிதான் வைத்திருந்தார்: "அடுத்த கிழமை வரும்." கடைசியில் இடக்கை உறையையே வலக்கையில் திருப்பி மாட்டினார். பெருவிரலுக்கான இடத்தில் சுண்டுவிரல் போய் நின்றது. பந்து அதில் பட்டால் தங்காது, தெறித்து விழும். "இதுக்குப் பேசாமல் சாக்கை மாட்டலாம்" என்று ஒருநாள் உறையை நிலத்தில் அடித்துவிட்டு, பிறகு தானே போய்ப் பொறுக்கி எடுத்து மண்ணைத் தட்டினார்.

ஆனால் அவர் எறிகிற பந்தை மற்றவர்களால் அடிக்க முடியவில்லை. இடக்கையிலிருந்து வரும் பந்து கடைசி நேரத்தில் ஒரு பக்கமாக வெட்டித் திரும்பும். தோற்றுத் தொடங்கிய நாங்கள் ஒவ்வொரு ஆட்டமாக வென்றோம். வெள்ளிக்கிழமைகளில் மற்ற வரிசைப் பெண்களும் மெசினை நிறுத்தாமலே, "நாளைக்கு ஆரோட?" என்று கேட்கத் தொடங்கினார்கள். வட்டக்கச்சியிலிருந்து என் அம்மாவும் ஒருதரம் பார்க்க வந்து, விளங்காமலே கைதட்டினார்.

கடைசி ஆட்டம் தெற்கில், நிர்வாகத்தின் பெரிய தொழிற்சாலையோடு. இறுதிச் சுற்றில் நாங்கள் ஒரு ஓட்டம் முன்னுக்கு நின்றோம். அவர்களில் இன்னும் ஒருத்தி அவுட்டானால் கோப்பை எங்களுக்கு. ஆனால் ஓடுவதற்குத் தயாராக இரண்டு பேர் நின்றார்கள். அக்கா எறிந்த பந்தை, அடிக்க நின்ற பெண் முழுப் பலத்தோடு அடித்தாள். அது நேரே அக்காவின் இடப்பக்கமாகத் திரும்பிப் போனது. உறையைக் கொண்டுபோக நேரமில்லை. கொண்டுபோனாலும் அது தாங்காது என்று அவருக்குத் தெரியும். வெறும் இடக்கையை நீட்டினார். மரக்கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். பந்து கையில் நின்றது. எல்லோரும் கத்திக்கொண்டு அவரை நோக்கி ஓடினார்கள். நான் ஓடவில்லை. அவருடைய முகம் வெளிறிப் போனதை நான் பார்த்துவிட்டேன்.

இரண்டு விரல்களில் எலும்பு முறிவு. கட்டு அவிழ்த்தபோது விரல்கள் முன்போல் மடங்கவில்லை; கொலர் முனையைத் திருப்பிப் பிடிக்க முடியவில்லை. அவருடைய மெசினை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, அவரை நூல் வெட்டுகிற மேசைக்கு அனுப்பினார்கள். வேலையில் ஏற்பட்ட காயம் என்று பதியச் சொல்லிக் கேட்டபோது, விளையாட்டு அவரவர் விருப்பம், அது வேலையல்ல என்று மேலிடம் சொல்லிவிட்டது. அதே கிழமை சாப்பாட்டு மண்டபத்தில் எங்களுக்குப் பாராட்டு விழா. பலூன் கட்டி, கேக் வெட்டி, கப்டனைப் பேசக் கூப்பிட்டார்கள். அக்கா ஒலிவாங்கியை மடங்காத விரல்களோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு மனேஜரைத்தான் பார்த்தார்.

"விளையாடப் போற நாளும் வேலை நாளெண்டு நீங்கள்தானே, சேர், சொன்னனீங்கள். அண்டைக்கு வெண்டது வேலை நாளில. அப்ப என்ர கை மட்டும் எப்பிடி லீவு நாளில முறிஞ்சது?"

கைதட்டுவதா வேண்டாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மனேஜர், "பாப்பம், பாப்பம்" என்றார். யாரோ பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

அந்தப் 'பாப்பம்' மாதக் கணக்காக இழுபட்டது. அடுத்த வருட ஆட்டங்கள் தொடங்கும் நாளும் வந்தது. எங்கள் மைதானத்தில் முதல் ஆட்டம், வவுனியா அணி வந்து நிற்கிறது. நாங்கள் உடுப்பு மாற்றி, வரிசையாக நடந்து போய், வெள்ளைக் கோட்டின் மேல் குந்தினோம். அக்காவுக்கு இது தெரியாது. அவர் அந்த நேரம் தொழிற்சாலையில் நூல் வெட்டிக்கொண்டிருந்தார். மனேஜர் குனிந்து, "பிள்ளையள், வந்த ஆக்களுக்கு முன்னால என்னை வெக்கப்படுத்தாதேங்கோ, எழும்புங்கோ" என்று கெஞ்சினார்.

"அக்கான்ர கை வேலையில முறிஞ்சதெண்டு எழுதுங்கோ சேர், எழும்பிறம்" என்றேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதிரணியில் சலசலப்பு. பிறகு, போன வருடம் முதுகில் அடி வாங்கிய அந்தக் கப்டன் எழுந்து வந்து, என் பக்கத்தில் குந்தினாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய அணி முழுவதும் வந்தது. மனேஜர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனார்.

அக்காவின் காயத்தை வேலைக் காயமாக ஏற்றுக்கொண்டார்கள். கொலருக்குப் பதில் நேர்த்தையல் போடுகிற மெசின் ஒன்று அவருக்குக் கிடைத்தது. நாங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் மாதம் முடிவதற்குள், உற்பத்திக்கு இடைஞ்சல் என்று சொல்லி ஆட்டங்களை நிறுத்திவிட்டார்கள். மட்டைகளையும் பந்துகளையும் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவரும் எங்களைத் திட்டவில்லை, தண்டிக்கவில்லை. அதனால் யாரோடு சண்டை பிடிப்பது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

நான் வேலையை விட்டு, வட்டக்கச்சியில் வீட்டோடு தையல் கடை போட்டிருக்கிறேன். அக்கா இன்னும் அங்கேதான். போன மாதம் கிளிநொச்சிச் சந்தையில் மரக்கறி வாங்கும்போது அவரைக் கண்டேன். வளைந்த விரல்களில் பையைக் கொழுவிக்கொண்டு நின்றார். கனகாலமாக மனதில் கிடந்ததைக் கேட்டேன். "அந்தப் பந்தை விட்டிருக்கலாமே அக்கா? தோத்தால் என்ன?"

"பந்தில எனக்கென்ன கோவம்?" என்றார். "அது நேராத்தானே வந்தது." பிறகு சிரித்தார். "கோப்பையை எடுத்தாப்பிறகு எங்களை ஒருத்தரும் இன்னும் தோற்கடிக்கேல்லை, யோசிச்சனியோ? இண்டைக்கும் நாங்கள்தான் சம்பியன்."

அவர் பஸ்ஸுக்குப் போனபிறகும் நான் அதே இடத்தில் நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அசைக்க முடியாத சம்பியனாக இருந்து எனக்கு என்ன பயன்? எங்களைத் தோற்கடிக்க யாராவது வரவேண்டும். அக்கா எறியவேண்டும், நான் எதிரே குந்தியிருக்கவேண்டும். தோற்றாலும் பரவாயில்லை, இன்னொரு ஆட்டம் வேண்டும்.