ஏழாவது வருடம்

அரசு ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கேட்பவர் கர்நாடகத்தில் குறைந்தது ஏழு முழு வருடம் படித்திருக்க வேண்டும். அந்த வரியை நான் கவனித்தது மகளின் நுழைவுத் தேர்வு முடிவு வந்த பிறகுதான். ரேங்க் நன்றாகவே இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை இங்கே படித்தாள்; எண்ணினால் ஏழு. ஆனால் ஆறாம் வகுப்பில் அவள் சேர்ந்தது ஜூனில் அல்ல, தீபாவளி கழிந்து.

அதற்கு முன்பு குடியாத்தத்தில் என் அக்கா வீட்டில் இருந்து படித்தாள். இங்கே, கோலார் பக்கம் பாலகாட்டில், எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த அரசுத் தமிழ்ப் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே ஆசிரியைதான் மிஞ்சியிருந்தார். ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்கு அரசு ஆள் போடவில்லை. பிள்ளை தமிழ் படிக்க வேண்டுமென்றால் ஆம்பூர், குடியாத்தம் என்று உறவினர் வீட்டில் விடுவது எங்கள் தெருவின் வழக்கம். நடுவில் ஒரு மாநில எல்லை இருப்பதை யாரும் பொருட்படுத்தியதில்லை. அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனதால் மகளை நடுவாண்டில் அழைத்து வந்தோம்.

அரசு இடம் கிடைக்காவிட்டால் என்ன கட்டணம் என்று ஒரு கல்லூரியில் விசாரித்தேன். அந்தத் தொகையை வீட்டில் சொல்லவில்லை.

“ஸ்கூல்ல ஜூன்னு போட்டுக் குடுக்கச் சொல்லிக் கேளுங்க. இன்னா கொறஞ்சிடப் போவுது அவங்களுக்கு?” என்றாள் மனைவி.

“புடிச்சிட்டா ரேங்க்கே போயிடும்மா,” என்றாள் மகள்.

மகள் படித்த ஆண்டர்சன்பேட்டைப் பள்ளியில் எழுத்தர் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். என் கண் அவர் விரலைவிட்டு நகரவில்லை.

“நவம்பர்னு கீது சார்.”

தலைமையாசிரியை நான் கொண்டுபோன படிப்புச் சான்றிதழ் படிவத்தை இரண்டு முறை படித்தார். “இதுல மாசம் எழுத எடமே இல்லையே. எந்த வருசம், எந்த வகுப்பு, அவ்ளோதான். உள்ளத எழுதறேன். மேல கேட்டா நீங்கதான் பதில் சொல்லிக்கணும்.”

எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார். அந்தத் தாள் பீரோவில் பத்து நாள் இருந்தது. தினமும் எடுத்துப் பார்த்தேன்.

கோலாரில் சான்றிதழ் சரிபார்ப்பு. அதிகாரி பேனா முனையால் வரிகளை மேலிருந்து எண்ணினார். ஏழாவதில் நிறுத்தினார். மறுபடியும் முதல் வரிக்குப் போய் எண்ணினார். மகள் துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்திட்டு, கன்னடத்தில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு மகள் கேட்டாள்: “மாசம் கேட்டிருந்தா இன்னாப்பா சொல்லியிருப்ப?”

“நவம்பர்னுதான்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஆம்பூரில் பாட்டி வீட்டிலிருந்து ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்; அடுத்த ஜூனில் ஆறாவது. பத்தாவதுவரை அங்கேயே இருக்கட்டும் என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் முதலில் அவர்கள் கதவைத்தான் தட்டினேன்.