தம்புள்ளைப் பாறைக்கு மேலே பதினைந்து துண்டுக் கோடு

விண்வெளி நிலையம் வானைக் கடப்பதைப் படம் பிடிக்க மாத்தளைப் பக்கம் வருகிறவர்கள் என்னிடம் இடமும் நேரமும் கேட்கிறார்கள். நான் அப்படித் தம்புள்ளைக்குப் போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில். காரணம் ஒன்றுதான். மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில், செயற்கைக்கோள் ஒன்று கோடாக வானைக் கடப்பதை நான் எடுத்த படத்தை நகரக் கண்காட்சிக்குக் கொடுத்திருந்தேன். படங்களைத் தெரிவு செய்த யாழ்ப்பாணத்து நில அளவை அதிகாரி அதைத் தள்ளிவிட்டார்.

“உது நெகட்டிவ்விலை விழுந்த கீறல் ஐசே. சைக்கிள் திருத்திற உமக்கு உதெல்லாம் எங்கை பிடிபடப்போகுது?”

சைக்கிள் கடையில் இருந்துகொண்டே புத்தகம் பார்த்துக் கற்றவன் நான். கீறல் என்று எவரும் சொல்ல முடியாத படம் ஒன்றை எடுக்கத் தீர்மானித்தேன்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை இருபத்தெட்டு மைல். பிற்பகல் இரண்டரை பஸ், ஒன்றரை மணி நேரம், ஒரு ரூபாய் பத்துச் சதம். கேமரா ஸ்டாண்டைப் பார்த்த கண்டக்டர், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற முறையில், “இதுக்கும் டிக்கெட் எடுக்கணும் நானா, நம்மளவிட ஒரு கால் கூட இருக்கே” என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் ஒரு டிக்கெட்தான் எடுத்தேன்.

கண்டலம வீதியில் அரை மைல் நடந்தால் வயல்வெளி. சூரியன் ஆறேகாலுக்குப் பாறைக்குப் பின்னால் இறங்கியது. பாறை கறுத்தது, மேலே மூன்றாம் பிறை. பத்திரிகையில் போட்டிருந்த நேரம் ஏழு பத்து. ஏழு ஒன்பதுக்கே செயற்கைக்கோள் வந்துவிட்டது. ஷட்டரைத் திறந்து வைத்து, பத்து எண்ணும்வரை விட்டு, இரண்டு எண்ணும்வரை தொப்பியால் லென்ஸை மூடினேன். இப்படிப் பதினைந்து தடவை. மூன்று நிமிடத்தில் பிறை சற்று இழுபட்டு விழும், பரவாயில்லை. கோடு சமமான துண்டுகளாக விழும். எந்தக் கீறலும் அப்படி விழாது.

ஒரு வாரம் கழித்து மாத்தளை ஸ்டூடியோவில் படம் கிடைத்தது. பாறை இருந்தது, பிறை இருந்தது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நெகட்டிவ் திருத்துபவர் எங்கள் தெருக்காரர்தான். பெருமையோடு சொன்னார்:

“வானத்துல வரிசையா கீறல் நானா. பதினஞ்சு. கத்தி முனையால ஒண்ணொண்ணா சொரண்டி எடுத்துட்டேன். ஒங்களுக்காகத்தான், காசு வேணாம்.”

பதினைந்து. அந்த எண்ணை நான் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதிகாரியிடம் வந்து இதையே சொல்லுங்கள் என்றேன். அவர் முகம் மாறியது.

“நல்ல நெகட்டிவ்வ நாசமாக்கிட்டேன்னு மொதலாளி என்னய வேலையிலேருந்து நிப்பாட்டிருவாரு. புள்ளங்க ரெண்டு இருக்கு நானா.”

அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பிறகு என் கடையில் அந்தப் படத்தைப் பார்த்த அதிகாரி, “இது வடிவாயிருக்கு ஐசே. தாரும், முன்னுக்கு மாட்டுவம்” என்றார். நான் கொடுக்கவில்லை. வெறும் வானத்தை என் பெயரில் மாட்டச் சம்மதித்திருந்தால், முதல் படமும் கீறல்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். இன்றுவரை அதற்காக நான் வருந்தவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்வது இது. தம்புள்ளையில் இப்போது சந்தை லாரிகளின் வெளிச்சம் அதிகம். இன்னும் ஒரு மைல் உள்ளே போங்கள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே தயாராக இருங்கள். படத்தைத் தானாக அழகுபடுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள். வானத்தில் கோடு தெரிந்தால், போனும் அதைக் கீறல் என்றுதான் நினைக்கும்.