கதவைச் சாத்திக்கொள்ள எட்டடி

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் கலைமதி பதினான்கு வருஷமாக வீட்டு பிளான் வரைகிறாள். அவள் வரைந்த வீடுகளில் பாதியை அவளாலேயே அடையாளம் காண முடியாது. இந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. பிளான் என்பது பேங்குக்கும் பஞ்சாயத்துக்கும் கொடுக்கிற காகிதம். வீடு எழும்புவது, எத்தனை அடி ஆகும், எத்தனை ஆகாது என்று மேஸ்திரி பார்க்கும் மனையடி சாஸ்திரப்படி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவளும் ரோஷத்தை மடித்து வைத்துவிட்டுத்தான் காலத்தை ஓட்டினாள். கம்ப்யூட்டரில் வீட்டை நிஜம்போல வரைந்து காட்டும் காலம் வந்த பிறகு மாறியது ஒன்றுதான். சுவருக்கு என்ன கலர் என்று வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே சண்டை போட்டார்கள்.

அப்போதுதான் வல்லத்துப் பக்கமிருந்து பாஞ்சாலி வந்தாள். நாலு வருஷத்துக்கு முன் டிராக்டர் கவிழ்ந்ததில் அவள் கணவர் தேவநாதனுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனது. சக்கர நாற்காலிதான் கால். கலைமதி நேரில் போய் மனையை அளந்தாள். வீடு எப்படி வேண்டும் என்று தேவநாதனைக் கேட்டாள். பாஞ்சாலி டீ போட உள்ளே போன பிறகுதான் அவர் சொன்னார்.

"பாத்ரூமுக்கு நானே போய், நானே கதவ சாத்திக்கணும்மா. அது ஒண்ணு போதும்."

பஸ்ஸில் திரும்பும்போது கலைமதிக்கு இந்த ஒரு வீடாவது வரைந்தது வரைந்தபடி எழும்ப வேண்டும் என்று வெறி வந்தது. நாற்காலி திரும்பக் குளியலறை ஏழடி, கதவு மூன்றடி, வாசலில் படிக்குப் பதில் சரிவு என்று வரைந்து கொடுத்தாள்.

கடைக்கால் தோண்ட நூல் கட்டிய அன்று போய்ப் பார்த்தால், குளியலறை ஆறடியாகக் குறுகி, படத்தில் பதினாறடியாக இருந்த ஹால் பதினேழாக வளர்ந்திருந்தது. மேஸ்திரி கோதண்டபாணியிடம் கேட்டாள்.

"ஏழு ஆகாதும்மா. ஏற்கெனவே அடிபட்ட குடும்பம். தெரிஞ்சிக்கினே எப்டி கட்டுவேன்?"

அவர் சொன்னது அக்கறையில்தான். அதுதான் பேஜாரு, திமிராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

கலைமதி படத்தைப் பிரிக்கவில்லை. அந்த ஆறடிக்குள்ளேயே கதவையும் கக்கூஸ் பீங்கானையும் தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுவிட்டு, மனை ஓரமாக இருந்து பார்த்துக்கொண்டிருந்த தேவநாதனைக் கோட்டுக்கு உள்ளே வரச் சொன்னாள். நாற்காலி உள்ளே போனது. கதவைச் சாத்துவதற்காக அவர் திரும்பியபோது சக்கரம் சுவர்க்கோட்டை அழித்தது. மறுபடி முயன்றார், மறுபடி அழிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கோதண்டபாணி அந்த வெள்ளைத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "எட்டு நல்லதும்மா," என்றார் கடைசியில். ஹால் பதினாறாகவே இருக்கட்டும், வீட்டைப் பின்பக்கம் ஓரடி நீட்டிக்கொள்ளலாம் என்று தானே நூலை அவிழ்த்தார். கலைமதிக்கும் உறைத்தது. முதலிலேயே எட்டு என்று போட்டிருந்தால் யாரும் அதில் கை வைத்திருக்க மாட்டார்கள். அன்று முதல், சாஸ்திரப்படி ஆகிற அடிகளின் பட்டியல் ஒன்று அவள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மேஸ்திரியை வைத்துக்கொண்டு தரையில் கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் எந்த பிளானும் பிரிண்ட் ஆகும்.

தை மாதம் பால் காய்ச்சினார்கள். கலைமதி போனபோது ஹால் நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், தேவநாதனைக் காணோம். மூடிய குளியலறைக் கதவுக்கு வெளியே, நாலு வருஷப் பழக்கத்தில் துண்டும் கையுமாகப் பாஞ்சாலி நின்றிருந்தாள்.

"உள்ளாற தாப்பா போட்டுக்கினாரும்மா," என்றாள். "நான் என்னா பண்றதுன்னு தெர்ல."

சொல்லிவிட்டு அந்தத் துண்டிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.