செல்லாத காசுக்குச் சுடுதண்ணீர்

குன்வோர் லிட்மன் கோபம் வந்தால் சிரிப்பாள். அவள் சிரிப்புக் கேட்டால் கூடாரம் போட்டிருப்பவர்கள் அவசரமாக நாயைக் கட்டிவைப்பார்கள். டால்ஸ்லாண்ட் ஏரிக்கரையில் கோடைக்குக் கூடாரம் போட வருகிறவர்களை மேய்ப்பது அவள்தான். நிலம் மட்டும் கொழுந்தன் டோர்ஸ்டென் பேரில்.

ஸ்வீடன் தன் நோட்டையும் நாணயத்தையும் புதுசாக்கியபோது டோர்ஸ்டெனுக்கு நல்ல சாக்கு கிடைத்தது. குளியலறைச் சுவரிலிருந்த பெட்டிக்குள் பழைய ஐந்து குரோனா விழுந்தால்தான் சுடுதண்ணீர் வரும். புதிய ஐந்து குரோனா சின்னது, போட்டால் துப்பிவிடும். பழையதோ ஜூன் முடிந்தால் செல்லாது.

"புதுப் பெட்டி வாங்க எங்கிட்ட வக்கில்ல குன்வோர். சுடுதண்ணி இல்லாத எடத்துக்கு எவன் வருவான்? பேசாம பங்களா கட்டுறவனுக்கு வித்துடுறேன்."

"சுடுதண்ணி வந்தா?"

"வந்தா விக்க மாட்டேன், போதுமா?" என்றான், எங்கே வரப்போகிறது என்ற தைரியத்தில்.

குன்வோர் சிரித்தாள். மறுநாளே காரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். அந்த நாட்டில் காசைக் கையால் தொடுகிறவர்களே அருகிவிட்டார்கள். ரொட்டிக்கும் போன், சர்ச் காணிக்கைக்கும் போன். ஆனால் கோடை வீடு ஒவ்வொன்றிலும் ஜன்னலோரம் ஒரு ஜாம் பாட்டில் நிறைய சில்லறை தூங்கும். வங்கிக்கு எடுத்துப்போகச் சோம்பல். அவள் புகைபோட்ட மீனைக் கொடுத்து, பாட்டிலோடு வாங்கி வந்தாள்.

"செத்த காசக் கட்டிக்கிட்டு அழுவுறா பாரு" என்று டோர்ஸ்டென் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

ஜூலையில் கூட்டம் வந்தது. போனில் பணம் அனுப்பி, அவளிடம் பழைய காசு வாங்கி, ஆனந்தமாகக் குளித்தது. வெளியே சீந்துவாரில்லாத காசு அவள் இடத்தில் சக்கைப்போடு போட்டது.

இது தெரியாமல் டோர்ஸ்டென், பங்களாக்காரரை அழைத்துக்கொண்டு நிலம் அளக்க வந்தான். நாணல் சேற்றில் வழுக்கி விழுந்தான். கார் இடுக்கில் கிடந்த ஒரே ஒரு பழைய காசோடு குளிக்கப் போனான். தலை நிறைய நுரை இருக்கும்போது தண்ணீர் நின்றது. புதுக் காசுகளைப் போட்டுப் பார்த்தான். பெட்டி ஒவ்வொன்றாகத் துப்பியது.

"குன்வோர்! கண்ணு எரியுது! ஒரு காசு குடு!"

"எந்தக் காசு? செத்த காசா?"

துண்டோடு வரிசையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குன்வோர் கதவுக்கடியில் ஒரு காசைத் தள்ளினாள். "ஓசிதான். மொதல்ல தலைய அலசு."

தண்ணீர் கொட்டும் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் வந்தது. "எல்லாம் சரி. உன் காசு எத்தன நாளைக்கு வரும்? தீராதா?"

"பெட்டிக்குள்ள விழுறது சாயங்காலம் என் கைக்கே வருது. மறுநாள் அதையே விக்கிறேன். எப்பிடித் தீரும்?"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அந்த ஆளக் கெளம்பச் சொல்லு" என்றான் டோர்ஸ்டென்.

"நீயே வந்து சொல்லு."

துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் பங்களாக்காரரிடம் சொன்னான்.