முத்துலட்சுமி தங்கியிருந்த அறை: மூக்கண்டப்பள்ளிக்கு ஒரு பயணம்

கடந்த ஆவணியில் சேலத்திலிருந்து ஓசூருக்குப் போய்வந்தேன். வீடுகள், மண்டபங்களின் உட்புறத்தைச் சுற்றிச்சுற்றிப் படமெடுத்து, ஒரே படமாக இணைத்துத் தருவது என் தொழில். கைபேசியில் விரலால் நகர்த்தினால் அறைக்குள்ளேயே நின்று திரும்பிப் பார்ப்பதுபோல இருக்கும். இந்தமுறை எடுக்க வேண்டியிருந்தது ஒரு சின்ன வாடகை அறை.

கூப்பிட்டவர் விருதுநகர்ப் பக்கத்து இளைஞர் கணேசன். அவருடைய தங்கை முத்துலட்சுமி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். ஷிப்ட் முடிந்து நெடுஞ்சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துபோனாள். "அம்மாவால எந்திரிச்சு நடக்க முடியாது. எம்புள்ள எப்படிப்பட்ட எடத்துல இருந்தாளோன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. ரூமைக் காலி பண்ணுறதுக்குள்ள எடுத்துக் குடுங்கக்கா" என்றார்.

விடியற்காலைப் பேருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாக நான்கு மணி நேரத்தில் ஓசூர் சேர்ந்தது. அங்கிருந்து மூக்கண்டப்பள்ளிக்கு ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். டவுன் பஸ்ஸும் உண்டு. கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அதில் ஏற முடியாது.

கதவைத் திறந்தவள் செல்வி. முத்துலட்சுமியோடு தங்கியிருந்த பாலக்கோட்டுப் பெண். பத்துக்குப் பத்து அறை. இரண்டு பாய், கேஸ் அடுப்பு, கொடியில் முத்துலட்சுமியின் சீருடை. வழக்கமாகப் பொருட்களை ஒதுக்கி வைக்கச் சொல்வேன். அன்று எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே விட்டேன்.

ஃபேனை நிறுத்தி, ஸ்டாண்டை நடுவில் வைத்தேன். செல்வியைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னேன்.

"நான் உள்ளயே உக்காந்துக்கட்டுமாக்கா? வெறும் ரூமைப் பாத்தா அவங்கம்மா ஒடஞ்சு போயிருவாங்க."

சுவரோரம் உட்கார்ந்தாள். பாதியில் அழுகை வந்து முகத்தைத் திருப்பிவிட்டாள். லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தபோது, இரண்டு படங்கள் சேரும் இடத்தில் அவள் முகம் இரண்டாகப் பிளந்திருந்தது. அவளையே அழித்துவிட்டுச் சுவரை நிரப்பியிருக்கலாம். மனம் கேட்கவில்லை. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன்.

"எடுங்கக்கா. இப்ப அழ மாட்டேன்."

இந்தமுறை அவள் முழுசாக ஒரே படத்துக்குள் வரும்படி கேமராவைத் திருப்பினேன். இணைப்பு வெறும் சுவரில் விழுந்தது. சரியாக வந்தது.

இரண்டு நாள் கழித்துக் கணேசன் பேசினார். அம்மா சோற்றுப் பானையைப் பார்த்தாராம், ஜன்னலைப் பார்த்தாராம். செல்வியிடம் வந்ததும் விரல் நின்றுவிட்டதாம். "இந்தப் புள்ள இனிமே அங்க தனியாவா இருக்கும்? போனப் போட்டுக் குடு" என்று கேட்டு வாங்கிச் செல்வியோடு பேசினாராம்.

இப்படிப்பட்ட அறைகளை எடுக்கப் போகிறவர்களுக்கு: ஒவ்வொரு படமும் அடுத்த படத்தின்மேல் மூன்றில் ஒரு பங்காவது படியட்டும். கேமரா லென்ஸை மையமாக வைத்துச் சுழல வேண்டும். இல்லாவிட்டால் கேமராவுக்குக் கிட்டத்தில் இருக்கும் பொருட்கள் இணைப்பில் சரியாக ஒட்டாது. ஆள் இருந்தால் இணைப்பு அவர்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களைக் கேட்காமல் எதையும் நகர்த்தாதீர்கள்.

செல்வி இப்போது வேறு இரண்டு பெண்களோடு தங்கியிருக்கிறாள். ஆயுத பூஜை விடுமுறைக்குக் கணேசன் வீட்டுக்குப் போய்வந்ததாகச் சொன்னாள். அம்மா என்ன பேசினார் என்று கேட்டேன்.

"கையப் புடிச்சுக்கிட்டாங்கக்கா. 'ரோட்டப் பாத்துக் கடக்குறியா தாயி'ன்னுதான் மொதல்ல கேட்டாங்க."